கல்லூரி ஓடவைக்கிறதா? தடகள அணிச் சேர்க்கையும் மதுரை ஓட்டக்காரர்களும்

ஓடத் தெரிந்த பிள்ளைக்குக் கல்லூரி என்ன செய்கிறது? ஓட்டக்காரராக ஆக்குகிறதா, வேறெங்கோ ஆனவருக்குத் தன் பனியனை மாட்டி மூன்று ஆண்டு ஓடவிடுகிறதா? இந்தக் கேள்விக்கு இங்கிலாந்து ஒரு பதில் சொன்னது. அமெரிக்கா அதற்கு நேர் எதிராகச் சொன்னது. ஜப்பானும் ஜமைக்காவும் தங்கள் வழியில் சொல்லிப் பார்த்தன. தமிழ்நாட்டில் அந்தப் பதில் ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ என்ற இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது.

மதுரையில் இதைக் கேட்கத் தோதான இடம் கோரிப்பாளையம். அமெரிக்கன் கல்லூரியும் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியும் அங்கேயே இருக்கின்றன. சற்றுத் தள்ளிச் சின்னச் சொக்கிகுளத்தில் லேடி டோக் கல்லூரி. சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கமும் அதன் சிந்தெடிக் டிராக்கும். பிளஸ் டூ முடிவு வந்த கையோடு கல்லூரிகளில் செலக்‌ஷன் தொடங்கிவிடும். காலை ஆறரைக்கே பிள்ளைகள் வந்து நிற்பார்கள். கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் மண்டல, மாநிலப் போட்டிச் சான்றிதழ்கள், பக்கத்தில் அப்பாவோ மாமாவோ. உடற்கல்வி இயக்குநர் கேட்கும் முதல் கேள்வி: “என்ன ஈவண்ட், என்ன டைமிங்?” 800 மீட்டருக்கு ஒரு தம்பி நல்ல நேரம் சொன்னால் அவர் முகம் மலரும். “கிராஸ் கன்ட்ரி ஓடுவேன் சார்” என்று இன்னொருவர் சொன்னால், “சரி, டிராக்ல என்ன ஓடுவே?” என்று அடுத்த கேள்வி வரும். அந்த அடுத்த கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

குணம் வளர்க்கும் ஓட்டம்

கிராஸ் கன்ட்ரி பிறந்தது பள்ளிக்கூடத்தில். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி, ரக்பி போன்ற உறைவிடப் பள்ளிகளில் மாணவர்கள் ‘முயலும் நாய்களும்’ என்று விளையாடினார்கள். முன்னே ஓடுபவர் காகிதத் துண்டுகளைச் சிந்திக்கொண்டே போவார், பின்னால் வருகிறவர்கள் வயல், வேலி, ஓடை தாண்டி அந்தத் தடத்தைப் பிடிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1864இல் தடகளத்திலும் 1880இல் கிராஸ் கன்ட்ரியிலும் மோதத் தொடங்கின. ஓட்டம் உடலைத் தேற்றும், மனத்தை நிமிர்த்தும், தோற்கக் கற்றுக்கொடுக்கும், ஆகவே காசுக்காக ஓடக்கூடாது என்பது இந்த மரபின் கொள்கை.

அது மிஷன் கல்லூரிகள் வழியாக நம் பக்கம் வந்தது. 1881இல் பசுமலையில் தொடங்கிப் பின்னர் கோரிப்பாளையத்துக்கு இடம்பெயர்ந்த அமெரிக்கன் கல்லூரி அந்த மரபில் வந்ததுதான். சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக், தமிழ்நாட்டு ‘பி.டி. மாஸ்டர்’ என்ற வர்க்கத்துக்கே மூதாதை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. அந்த ஒலிம்பிக்கில்தான் 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில் கிராஸ் கன்ட்ரி நடத்தப்பட்டு, புறப்பட்ட 38 பேரில் 15 பேர் மட்டும் முடித்தார்கள். அத்தோடு ஒலிம்பிக்கிலிருந்து அந்தப் பந்தயம் விலக்கப்பட்டது. மே மாத மதுரையில் மதிய வெயிலில் நின்று பார்த்தவருக்கு அந்த முடிவின் நியாயம் புரியும்.

இந்தக் கொள்கையின் ஓட்டை எளிதாகத் தெரிவது. காசுக்கு ஓடாதே என்று சொல்லக் கையில் காசு வேண்டும். 1954இல் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய ரோஜர் பேனிஸ்டர் மருத்துவம் படித்துக்கொண்டே கிடைத்த நேரத்தில் பயிற்சி செய்தவர். மதிய உணவு நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்க முடிவது ஒரு வசதி. கல்லூரி முடிந்து மாலையில் கடையில் நிற்கப்போகும் பிள்ளைக்கு அது கிடையாது. இருந்தும் இந்த மரபை மொத்தமாகத் தள்ளிவிட முடியவில்லை. பதக்கம் வாங்காத மாணவரும் அணியில் ஓடலாம் என்று இடம் விட்ட கடைசிக் கொள்கை இதுதான்.

அமெரிக்க ஒப்பந்தம்

அமெரிக்கா கூச்சத்தை விட்டது. ஓடு, படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்றது. 1938இல் தேசியக் கல்லூரி கிராஸ் கன்ட்ரிப் போட்டி தொடங்கியது. ஏழு பேர் ஓடி முதல் ஐவரின் இடங்களைக் கூட்டிப் பார்க்கும் முறை, ஐந்தாவதாக வருகிறவரையும் அணிக்கு வேண்டியவராக ஆக்கியது. இது நல்ல ஏற்பாடு, நம்மிடம் போதுமான அளவு வேரூன்றாதது.

நம்மவர்களும் இதில் பலன் கண்டிருக்கிறார்கள். மொஹிந்தர் சிங் கில் கலிஃபோர்னியாவில் படித்துக்கொண்டே 1970, 1971 ஆண்டுகளில் மும்முறைத் தாண்டுதலில் கல்லூரிச் சாம்பியன் ஆனார். வட்டெறிதலில் விகாஸ் கௌடா 2006இல், உயரம் தாண்டுதலில் தேஜஸ்வின் சங்கர் 2018, 2022இல் அந்தப் பட்டத்தைப் பெற்றார்கள். மூவரும் களப் போட்டியாளர்கள் என்பதையும் கவனிக்கலாம்.

எதிர்வாதம் அமெரிக்காவுக்குள்ளிருந்தே எழுந்தது. ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்று இன்று உலகமே பயன்படுத்தும் தொடரை 1950களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர், அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் முழுநேர நிர்வாகி வால்டர் பையர்ஸ். கொலராடோவில் 1955இல் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் அடிபட்டு இறந்த மாணவரின் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். வீரர் ஊழியரல்ல, மாணவரே என்று நிலைநாட்ட வேண்டிய தேவை கல்லூரிகளுக்கு இருந்தது. வழக்கு 1957இல் அந்தப் பெண்ணுக்கு எதிராக முடிந்தது. பையர்ஸே 1995இல் எழுதிய நூலில் அந்த அமைப்பைக் கடுமையாகச் சாடினார் என்பது கதையின் விசித்திரம்.

ஓட்டக்காரர்களுக்குத் தனிக் குறை ஒன்று உண்டு. இலையுதிர்காலத்தில் கிராஸ் கன்ட்ரி, குளிர்காலத்தில் உள்ளரங்கு, வேனிலில் டிராக் என்று வருடம் முழுக்கப் பந்தயம். கென்யாவிலிருந்து வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஹென்றி ரோனோ 1978இல் 81 நாட்களில் நான்கு உலகச் சாதனைகளை உடைத்தார். அதற்குப் பின் அவர் வாழ்க்கை நெடுங்காலம் குடியோடு போராடியது. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் பயிற்சியாளர்கள் அளவுக்கு மீறிய பந்தயம் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பெயர் வருகிறது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு நிலைமை இன்னும் மாறியது. உதவித்தொகை எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், அதை ஏற்ற கல்லூரிகளில் அணியில் எத்தனை பேர் என்பதற்கு வரம்பு வந்தது. கிராஸ் கன்ட்ரிக்கு 17, டிராக்குக்கு 45. உதவித்தொகை கேட்காமல் ஓரமாக வந்து சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் மலரும் ஓட்டக்காரருக்கு இது கெட்ட செய்தி.

ஹகோனேயும் கிங்ஸ்டனும்

ஜப்பானில் கல்லூரி நெடுந்தூர ஓட்டம் ஒரு தேசியத் திருவிழா. 1920இல் தொடங்கிய ஹகோனே எகிடென் ஆண்டுதோறும் ஜனவரி 2, 3 தேதிகளில் டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்குப் போய்த் திரும்பும் ஏறத்தாழ 217 கிலோமீட்டர் அஞ்சலோட்டம். பல்கலைக்கழகத்துக்குப் பத்துப் பேர், ஆளுக்குச் சராசரியாக இருபதுக்கு மேற்பட்ட கிலோமீட்டர். அங்கே எந்தப் பயிற்சியாளரும் “டிராக்ல என்ன ஓடுவே?” என்று முதலில் கேட்கத் தேவையில்லை. மறுபக்கம், இருபது வயதில் சாலையில் இவ்வளவு தூரத்துக்குத் தயாராவது கால்களைச் சீக்கிரம் தேய்த்துவிடுகிறது, வேகத்தை வளர்க்க வேண்டிய வயதில் தூரத்தை வளர்க்கிறார்கள் என்ற புகார் ஜப்பானிலேயே பல பத்தாண்டுகளாக உண்டு.

ஜமைக்காவின் பதில் சிறியது, கூர்மையானது. நீண்ட காலம் தன் ஓட்டக்காரர்களை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பிய தீவு அது. 1999இல் ஸ்டீஃபன் பிரான்சிஸ் முதலியோர் தொடங்கிய கழகம், கிங்ஸ்டனில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழக மைதானத்தையே பயிற்சிக் களமாக்கியது. அந்தக் கழகத்தில் பயிற்சி பெற்ற ஷெல்லி ஆன் ஃபிரேசர் பிரைஸ் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்துப் பட்டம் பெற்றார். பயிற்சியாளரும் மைதானமும் பல ஆண்டுகள் மாறாமல் இருந்தால் அயல்நாட்டு உதவித்தொகை இல்லாமலும் காரியம் நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

நம் ஊர்க் கோட்டா

தமிழ்நாட்டு முறைக்கு முழுக் கொள்கை வடிவம் எப்போதும் இருந்ததில்லை. துண்டு துண்டாகச் சேர்ந்தது அது. 1992இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், அதன் விளையாட்டு விடுதிகள், பொறியியல் கலந்தாய்வில் வீரர்களுக்கு 500 இடம், மருத்துவத்தில் 7 இடம், அரசுப் பணியில் 3 சதவீத ஒதுக்கீடு. அரசுக் கலைக் கல்லூரிகளில் விளையாட்டு உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்குத்தான் முதலில் கலந்தாய்வு. தனியார் கல்லூரிகள் பலவற்றில் கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு என்று பேசி முடிப்பார்கள்.

இவற்றையெல்லாம் கட்டி வைக்கும் நூல் ஒரு தாள். வேலைவாய்ப்பு வட்டாரத்தில் சர்வதேசப் போட்டிக்கு ஃபார்ம்-1, தேசியப் போட்டிக்கு ஃபார்ம்-2, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு ஃபார்ம்-3, தேசியப் பள்ளிப் போட்டிக்கு ஃபார்ம்-4. கல்லூரி அணியில் சேரும் பிள்ளையின் பெற்றோர் கனவு பெரும்பாலும் அந்த ஃபார்ம்-3தான். கொச்சையாகத் தோன்றலாம். ஆனால் நிலமோ கடையோ இல்லாத வீட்டில் ஓட்டம் என்பது ஒரு வேலைக்கான விண்ணப்பம். அதைக் குறைசொல்லும் தகுதி ஒய்.எம்.சி.ஏ. மரபின் வாரிசுகளுக்கு இல்லை.

இந்த முறை நன்றாக வேலை செய்த கதை மதுரையிலேயே இருக்கிறது. சக்கிமங்கலத்தைச் சேர்ந்த வீ. ரேவதி சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டியிடம் வளர்ந்தார். பள்ளிக் காலத்தில் வெறுங்காலோடு ஓடிய அவரைப் போட்டியொன்றில் கவனித்த பயிற்சியாளர் க. கண்ணன், பாட்டியைச் சம்மதிக்க வைத்து, ஷூ வாங்கிக் கொடுத்து, லேடி டோக் கல்லூரியில் சேர வழிசெய்தார். அரசு விடுதியில் தங்கிப் பயிற்சி. பின்னர் தேசியப் பயிற்சி முகாமில் பயிற்சியாளர் கலினா புகாரினா அவரை 100, 200 மீட்டரிலிருந்து 400 மீட்டருக்கு மாற்றினார். தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் வேலை கிடைத்தது. 2021 ஜூலை 30 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்பு அஞ்சலோட்டத்தில் இந்தியாவுக்கு ஓடிய நால்வரில் ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் மூவரும் தமிழர்கள்.

இதில் கல்லூரியின் பங்கு எது? கண்டெடுத்தவர் பயிற்சியாளர். தங்கவைத்தது அரசு விடுதி. ஈவண்டை மாற்றியது தேசிய முகாம். சோறு போட்டது ரயில்வே. கல்லூரி கொடுத்தது ஒரு சேர்க்கை, ஓர் அடையாளம், திருமணப் பேச்சோ வேலைக்குப் போகும் நெருக்கடியோ எட்டாத மூன்று ஆண்டுகள். ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு இதன் மதிப்பு சின்னதில்லை. பயிற்சியைவிட இதுவே பெரிது என்றுகூட வாதிடலாம், நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

இதே கோட்டாவின் இன்னொரு முகம் கர்நாடகத்தின் மூடபிதிரியில் தெரிகிறது. அங்குள்ள ஆல்வாஸ் கல்வி நிறுவனம் நாடெங்கிலுமிருந்து தடகள வீரர்களை எடுத்து இலவசமாகப் படிக்க வைக்கிறது. அவர்களின் பலத்தில் மங்களூர்ப் பல்கலைக்கழகம் அகில இந்தியத் தடகளப் பட்டங்களை அடுக்கியது. உருவான வீரர்களை வாங்குகிறார்கள் என்பது விமர்சனம். வேறு யாரும் வாங்கவில்லையே, அவர்கள் இல்லாவிட்டால் பிள்ளைகள் ஓடுவதையே விட்டிருப்பார்கள் என்பது பதில். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

பதக்கத்தையும் வேலையையும் ஒரே தாளில் கட்டிவிடுவதில் இன்னொரு ஆபத்து ஊக்கமருந்து. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனையாளர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர் ஓடினார்.

நெடுந்தூரத்தின் கணக்கு

செலக்‌ஷன் மைதானத்தில் கேட்ட அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒரு 100 மீட்டர்காரர் பதினெட்டு வயதில் என்ன செய்வார் என்று ஓரளவு கணிக்கலாம். 10,000 மீட்டர்காரரை அப்படிக் கணிப்பது கடினம். அவருடைய இதயமும் ரத்த நாளங்களும் தசை நாண்களும் பழக ஆறேழு ஆண்டு சீரான ஓட்டம் வேண்டும் என்பது பயிற்சியாளர்களிடையே பரவலான கருத்து. பலர் உச்சத்தைத் தொடுவது இருபதுகளின் பிற்பகுதியில். பட்டப்படிப்போ மூன்று ஆண்டு, பல்கலைக்கழகப் போட்டிகளின் வயது வரம்போ 25. சலுகையை ஆண்டுதோறும் புதுப்பிக்கப் பதக்கம் காட்ட வேண்டிய இடங்களில், உடற்கல்வி இயக்குநர் நெடுந்தூரக்காரரை எடுக்கத் தயங்குவது இயல்பு. எடுத்தாலும் அவரையே 1500, 5000, தடை தாண்டும் 3000 ஸ்டீபிள்சேஸ், கிராஸ் கன்ட்ரி எல்லாவற்றிலும் இறக்கிப் புள்ளி தேடும் ஆசை வரும். இயக்குநரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் கணக்கும் வருட முடிவில்தான் பார்க்கப்படுகிறது.

நாட்காட்டியும் துணைக்கு வருவதில்லை. கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் 2020இல் புவனேஸ்வரத்தில் பிப்ரவரி கடைசியில் தொடங்கின. அடுத்தது 2022இல் பெங்களூரில், ஏப்ரல் கடைசியில். 2023இல் உத்தரப் பிரதேசத்தில், மே கடைசியில். 2024இல் வடகிழக்கில், பிப்ரவரியில். 2025இல் ராஜஸ்தானில், நவம்பரில். எந்த மாதத்துக்கு உடலைக் கூர்தீட்டுவது? செமஸ்டர் தேர்வுகள் நவம்பரிலும் ஏப்ரலிலும் குறுக்கே நிற்கும். ஹகோனேவின் ஜனவரி 2, 3 பல பத்தாண்டுகளாக அசையாமல் நிற்பதைப் பார்த்தால் பொறாமை வருகிறது.

தமிழ்நாட்டின் நல்ல நெடுந்தூர ஓட்டக்காரர்கள் வந்த வழியும் யோசிக்க வைக்கிறது. 2017இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளத்தில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்ற கோ. லட்சுமணனும், 2016 தெற்காசியப் போட்டியில் தங்கம் வென்ற லோ. சூர்யாவும் புதுக்கோட்டைப் பக்கம் உள்ளூர்ப் பயிற்சியில் வளர்ந்தவர்கள். பெரிய கல்லூரிகளின் வரிசையும் பளபளக்கும் டிராக்கும் இருந்த ஊர்களிலிருந்து அவர்கள் வரவில்லை. இரண்டு பேரை வைத்து விதி எழுதக்கூடாது. ஆனாலும் ஒரே பயிற்சிச் சூழலில் பல ஆண்டு தொடர்வது என்ற ஜமைக்கா வாதத்துக்கு இது ஒத்துப்போகிறது. மதுரையைச் சுற்றி நாகமலை அடிவாரமும் கண்மாய்க் கரைகளும் யானைமலைப் பக்கத்து மண் பாதைகளும் கிராஸ் கன்ட்ரிக்கென்றே விரித்தவை போலக் கிடக்கின்றன. ஓட்டம் மட்டும் தார்ச் சாலையில் நடக்கிறது.

பெண்கள், ரத்தம், சாப்பாடு

உலகக் கிராஸ் கன்ட்ரியில் 2017 முதல் பெண்களும் ஆண்களைப் போலவே 10 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். தூரம் சமமாகிவிட்டது, தட்டு சமமாகவில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது. நெடுந்தூர ஓட்டமோ வியர்வையிலும் பாதம் தரையில் மோதும் அதிர்விலும் இரும்புச் சத்தைக் கரைக்கும். செலவிடும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாதபோது மாதவிடாய் நிற்பது, எலும்பு பலவீனமாவது முதலான விளைவுகளைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் தனிப் பெயரிட்டு வரையறுத்தது. ‘மூன்று மாசமா வரலை, நல்லதாப் போச்சு, பந்தயத்துக்குத் தொந்தரவு இல்லை’ என்று ஒரு பெண் நினைத்தால் அது அபாய அறிகுறி என்று சொல்ல ஆள் வேண்டும். அமெரிக்கக் கல்லூரி அணிகளிலேயே இது பெரிய பிரச்சினையாக இருந்திருக்கிறது. விடுதிச் சுண்டலும் முட்டையும் மட்டும் நம்பும் இடத்தில் ஆண்டுக்கு இரு முறை ஹீமோகுளோபினும் இரும்புச் சேமிப்பும் பார்ப்பதுதான் மலிவான முதல் படி.

ஓ.டி. என்ற கடன்

படிப்பின் கதை சுருக்கமானது. போட்டிக்குப் போனால் வருகைப் பதிவில் ‘ஓ.டி.’ (ஆன் டியூட்டி) கிடைக்கும், 75 சதவீதம் தப்பிக்கும். தவறவிட்ட பாடம் எங்கே கிடைக்கும்? அரியர் குவிந்த நல்ல ஓட்டக்காரர் எல்லாக் கல்லூரியிலும் இருப்பார். 2020 தேசியக் கல்விக் கொள்கை பாடத்துக்கும் பாடத்துக்கு வெளியே உள்ளதற்கும் இடையிலான சுவரை இடிக்கச் சொல்கிறது, கிரெடிட் சேமிப்பு முறையும் வந்திருக்கிறது. மூன்று ஆண்டுப் படிப்பை நான்காகப் பிரித்து எழுத ஓட்டக்காரருக்கு அனுமதி கிடைத்தால், நெடுந்தூரக் கணக்கும் கொஞ்சம் நேராகும். கிடைக்குமா என்பது இன்னும் ஒவ்வொரு கல்லூரியின் மனப்போக்கைப் பொறுத்தே இருக்கிறது.

தீராமல் நிற்பவை

ஆங்கிலேய மரபு ஏழையை மறந்தது. அமெரிக்க ஒப்பந்தம் மாணவரை ஊழியராக்கிவிட்டு ஊழியரல்ல என்றது. ஜப்பான் கால்களிடம் அதிகம் கேட்டது. நம் கோட்டா ஒரு குடும்பத்தைக் கரையேற்றும் வலு உள்ளது, ஆனால் அதன் கடிகாரம் குறுந்தூரக்காரருக்காக ஓடுகிறது. கல்லூரி தானே ஓட்டக்காரரை உருவாக்குகிறது என்ற வாதத்துக்கு மதுரைச் சான்றுகள் பலம் சேர்ப்பதாகத் தெரியவில்லை. நின்றுபோக இருந்த ஓட்டத்தைத் தொடரவைக்கிறது என்பதற்குச் சேர்க்கின்றன. மூன்றாண்டுச் சலுகையை ஐந்தாக்கினால் நெடுந்தூரக்காரர்கள் வருவார்களா, பயிற்சியாளர் கல்லூரிக்கு உரியவரா கழகத்துக்கு உரியவரா என்பன செய்து பார்த்தாலன்றித் தீராத கேள்விகள். கோட்டாவில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் 25 வயதிலும் ஓடுகிறார்கள் என்ற இரண்டு எண்களைக் கல்லூரிகள் ஆண்டறிக்கையில் பதக்கப் பட்டியலுக்குப் பக்கத்தில் அச்சிட்டால் விவாதம் வெகுதூரம் முன்னேறும்.

அதுவரை, ஜூனில் மகளையோ மகனையோ அழைத்துக்கொண்டு செலக்‌ஷனுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: காயம்பட்டு ஒரு வருடம் ஓட முடியாமல் போனால் கட்டணச் சலுகையும் விடுதியும் தொடருமா?